வாடகை வீட்டுக் குழியை யார் இறைப்பது?

வணக்கம். வீடு வாடகைக்கு விடுகிறவர்களோடும் வாடகைக்கு இருக்கிறவர்களோடும், மலசலகூடக் குழி, பீலி போன்றவற்றைப் பார்ப்பது யார் பொறுப்பு என்று கொஞ்சம் கதைக்க வேண்டும் என்றுதான் இன்று வந்திருக்கிறேன்.

வன்னியில் இப்போது வாடகைக்கு இருக்கிறவர்கள் கனபேர். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியலும் விவசாயமும் படிக்கிற பிள்ளைகள், பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள், இடமாற்றத்தில் வந்த ஆசிரியர்கள், தாதியர். எல்லாரும் இன்னொருவருடைய வளவுக்குள்தான் சமைத்துக் குளித்துப் படுக்கிறார்கள்.

என் மகளும் அப்படித்தான். முதல் நியமனத்தோடு ஒரு வீட்டில் நான்கு ஆசிரியைகள் சேர்ந்து இருந்தார்கள். ஒரு மழைக்காலம் பார்க்கப் போனேன். மலசலகூடத்தில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் அது மேலே எழும்பி நின்று, மெல்ல மெல்லத்தான் இறங்கும். பின்னால் போய்ப் பார்த்தேன். குழி மூடியைச் சுற்றி நிலம் ஊறிப்போய், அந்த இடத்தில் மட்டும் புல் கடும் பச்சையாக நின்றது. கிணறு கூப்பிடு தூரம்கூட இல்லை. ஏணி வைத்து ஏறிக் கூரைப் பீலியைப் பார்த்தால், வேப்பிலை அடைத்து நின்ற தண்ணீரில் நுளம்புக் குடம்பிகள் நெளிகின்றன. வாடகை வாங்க வருகிறவரிடம் சொன்னோம். "வீட்டுக்காரர் கனடாவில, வந்தாப் பாப்பம்" என்றார். வாடகை மட்டும் மாதம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் தீரவில்லை. அவர் வெளிநாட்டில் இருப்பது சட்டத்துக்குக் காரணமே இல்லை. இலங்கையில் வாடகை உறவுக்கு அடிப்படை, ஒல்லாந்தர் காலத்திலிருந்து வருகிற ரோமன் டச்சுச் சட்டம். உடன்படிக்கையில் வேறுவிதமாக எழுதாவிட்டால், வீட்டைக் குடியிருக்கத்தக்க நிலையில் கொடுப்பதும், வாடகைக் காலம் முழுக்க அப்படியே வைத்திருப்பதும் உரிமையாளரின் கடமை.

அப்புறம் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம் இருக்கிறது. சிரட்டை, ரின், பழைய டயர் அகற்றுவது, கிணற்றில் நுளம்பு பெருகாமல் காப்பது எல்லாம் அதில் வருகிறது. ஆனால் கடமை "உரிமையாளர் அல்லது குடியிருப்பவர்" மீது என்கிறது அந்தச் சட்டம். இந்த "அல்லது" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு பக்கமும் தட்டிக் கழிக்கிறார்கள். நான் சொல்வேன்: கட்டடத்தோடு சேர்ந்தது, நிலத்துக்குள் இருப்பது எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழி, குழாய், பீலி, தண்ணீர்த் தாங்கி மூடி, கிணற்றுக்கட்டு. கூட்டுவது, கழுவுவது, குப்பையை எடுத்து வைப்பது, வாளியைக் கவிழ்த்து வைப்பது குடியிருக்கிறவர் பொறுப்பு. அதையும் செய்யாமல் வீட்டுக்காரரைக் குறை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அது சரியில்லை.

முட்டையிலிருந்து நுளம்பாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். வெளிநாட்டில் இருக்கிற வீட்டுக்காரர் வரும்வரை அது காத்திருக்காது. மழை பலத்தால் நிலத்தடி நீர் மேலே வரும், நிரம்பிய குழியும் கிணறும் நிலத்துக்குள்ளேயே கலந்துவிடும்.

வாயால் சொல்லிக் கேட்காவிட்டால் திகதி போட்டுக் கடிதம் எழுதுங்கள், ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். படமும் எடுங்கள். அதோடு உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய்ப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். வந்து பார்ப்பது அவருடைய வேலை. வாடகைக்கு இருக்கிறவள்தானே என்று கூச்சப்பட வேண்டாம், பிள்ளைகளே.

வீட்டுக்காரர்களே, நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், வாடகை வாங்குகிறவரிடம் ஒரு மாத வாடகையையாவது குழி இறைக்கவும் பீலி துப்புரவாக்கவும் கொடுத்து வையுங்கள். புதிதாக வீடு பார்க்கப் போகிறவர்கள், முற்பணம் எண்ணிக் கொடுக்க முதல் பின்வளவுக்குப் போங்கள். குழி கடைசியாக எப்போது இறைத்தது என்று கேளுங்கள். ஐப்பசி மழை தொடங்கினால் அந்தக் குழிக்குப் பக்கத்தில் குழி இறைக்கிற பவுசர் போகவும் பாதை இருக்காது.