பொன்னாடைக்கு முன்னால் பெட்ரோல் காசு

(தண்டையார்பேட்டையில் குடியிருப்போர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, அக்காமார்களே, உட்கார இடமில்லாமல் வாசலோரம் நிற்கிற தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘தன்னார்வலர்களைப் போற்றுவோம்’. போற்றுவதில் நமக்கு ஒரு குறையும் கிடையாது. எந்தத் தெருமுனையில் நின்று அண்ணாந்து பார்த்தாலும், யாரோ யாரையோ போற்றி ஒரு ஃப்ளெக்ஸ் தொங்குகிறது. போற்றுகிறவர் ஆளுயரத்தில் கைகூப்பி நிற்பார். போற்றப்படுகிறவர் கீழ் மூலையில் ஸ்டாம்ப் அளவில் இருப்பார். அதனால் நான் வேறு இரண்டு விஷயம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். நமக்காக உழைத்தவருக்குக் கையைக் கடித்த செலவை முதலில் கொடுத்துவிடுவோம். அப்புறம், அவர் என்ன செய்தார் என்பதைச் சரியாகத் தெரிந்துகொண்டு சொல்லுவோம். பொன்னாடை அதற்குப் பிறகு வரட்டும், வராவிட்டாலும் பாதகமில்லை.

உலகத் தன்னார்வலர் நாள் டிசம்பர் 5. ஐக்கிய நாடுகள் சபை 1985இல் அறிவித்தது. தேதி குறித்தவர்கள் சென்னை மழையைப் பார்த்திருக்க மாட்டார்கள் போலிருக்கிறது. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் நம் தன்னார்வலர்கள் எங்கே இருந்தார்கள்? தண்ணீரில். 2023 டிசம்பர் முதல் வாரத்தில்? அப்போதும் தண்ணீரில்தான். மிக்ஜாம் புயலுக்குப் பிறகு வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, புளியந்தோப்புப் பக்கம் தண்ணீர் வடிய எத்தனை நாள் ஆனது என்று உங்களுக்கே தெரியும். எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து, சுவரிலும் வலையிலும் படகிலும் தாராகப் பிடித்துக்கொண்டது.

அந்த நாட்களில் பால் பாக்கெட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சந்து சந்தாகப் போன பையன்களை எல்லோரும் பார்த்தோம். பொங்கல் முடிந்ததும் விழா எடுத்து ஷீல்டு கொடுத்தார்கள். நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவன் இறங்கியது மழைத் தண்ணீரில் மட்டுமா? சாக்கடையும் கலந்து ஓடியது. இறங்குவதற்கு முன்னால் அவன் காலுக்கு ஒரு ஜோடி கம்பூட் கொடுத்திருக்கலாம். தகரமோ கண்ணாடியோ கிழித்திருந்தால் அன்றைக்கே டி.டி. ஊசி போட வைத்திருக்கலாம். எலிக்காய்ச்சல் வராமலிருக்க டாக்டரைக் கேட்டு டாக்ஸிசைக்ளின் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கலாம். கிட்டத்தட்ட ஷீல்டு ஆகிற செலவில் இவ்வளவும் முடிந்திருக்கும். பையனும் காய்ச்சலில் படுத்து ஒரு வாரக் கூலியை விட்டிருக்க மாட்டான்.

சரி, காசு விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பேசக் கூச்சப்படுகிறோம். ‘அவர் சேவையாகச் செய்கிறார், காசு கொடுத்தால் தப்பாக எடுத்துக்கொள்வார்’ என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம்.

எங்கள் பக்கத்தில் ஒரு ஆட்டோக்கார அண்ணன் இருக்கிறார். ராத்திரி பிரசவ வலி என்று யார் கதவைத் தட்டினாலும், லுங்கியோடு எழுந்து வந்து ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் விடுவார். மீட்டர் கிடையாது, பேரமும் கிடையாது. ஒரு தடவை ஒரு பாட்டி ஐந்நூறு ரூபாய்த் தாளைப் பாக்கெட்டில் திணித்தபோது, எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். “காசு வாங்கினா அது சவாரி ஆயிடும் வாத்தியாரே. அப்புறம் எனக்கும் மத்தவனுக்கும் என்ன வித்தியாசம்?” என்றார். அதே ஆள், தெருப் பெண்கள் கூடிப் பேசி, “அண்ணே, வண்டிக்கு கேஸ் போட்ட பில்லை மட்டும் குடுங்க, ராத்திரி ஓட்டினதுக்கு உண்டானதை நாங்க பாத்துக்கறோம்” என்று கேட்டபோது, ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, “அது நியாயம்” என்று ஒத்துக்கொண்டார். இப்போது மளிகைக் கடையில் ஒரு நோட்டு இருக்கிறது. தேதி, யார் வீட்டுக்கு, எவ்வளவு கேஸ் என்று அதில் எழுதுகிறார்கள். கூலி வேறு, கைச்செலவு வேறு என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிகிறது. நமக்குத்தான் குழப்பம்.

இது ஏதோ ஒரு தனி மனிதருடைய ரோஷம் என்று நினைக்காதீர்கள். ஸ்வீடனில் ரத்ததானத்தை வைத்து ஒரு ஆய்வு செய்து 2008இல் வெளியிட்டார்கள். சும்மா கேட்டபோது பெண்களில் பாதிக்குச் சற்று மேலானவர்கள் ரத்தம் கொடுக்க முன்வந்தார்கள். பணம் தருகிறோம் என்றதும் அது 30 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. அந்தப் பணத்தை விரும்பினால் ஒரு நல்ல காரியத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று சொன்னதும், பழையபடி பாதிக்கு மேல் ஏறிவிட்டது. ஆண்களிடம் அப்படிப் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆண்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, கூட்டத்தில் பாதிக்கு மேல் அவர்கள்தான்.

நம் நாட்டில் ரத்தத்துக்குக் காசு வாங்குவது 1998 ஜனவரி முதல் தடை. அதனால் முகாமில் கிடைப்பது ஒரு ஜூஸ், ஒரு பிஸ்கட் பாக்கெட், ஒரு சான்றிதழ். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் போகிற தம்பி ஒருவனிடம், ‘உனக்கு வேறென்னடா வேண்டும்?’ என்று கேட்டேன். “அது யாருக்குப் போச்சுன்னு தெரிஞ்சா நல்லாருக்கும் சார்” என்றான். ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறார்கள். ரத்தம் கொடுத்தபோது ஒரு நன்றிக் குறுஞ்செய்தி போகும். அது ஒரு நோயாளிக்கு ஏற்றப்பட்டதும், ‘நீங்கள் கொடுத்தது இன்று பயன்பட்டது’ என்று இன்னொன்று போகும். பேர் ஊர் எதுவும் இருக்காது, ஒரு வரிதான். பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போது ஒருவனுக்கு அந்தச் செய்தி வந்தால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். நம் முகாம்களிலும் அதற்கு வழி இருக்கிறதா என்று ரத்த வங்கிகளில் கேட்டுப் பார்க்கலாம். முகாமுக்கு அமைச்சர் வருவாரா என்று அலைகிற நேரத்தில் கால்வாசி போதும்.

கடற்கரைப் பக்கத்து ஆட்கள் இங்கே இருக்கிறீர்கள். 2015 வெள்ளத்தில் சென்னை மீனவர்கள் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு போய், தெருவுக்குள் இறக்கி, ஜனங்களை மீட்டார்கள். ஃபைபர் படகு கடலுக்காகச் செய்தது. தெருவில் அது காம்பவுண்டு சுவரில் இடிக்கும், மூழ்கிக் கிடக்கிற காரின் கூரை அடியில் உரசும், எஞ்சின் விசிறியில் கேபிள் ஒயர் சுற்றிக்கொள்ளும். 2018இல் கேரளத்தில் இதே கதைதான். அங்கே முதலமைச்சர் மீனவர்களைக் கேரளத்தின் சொந்த ராணுவம் என்றார். அதோடு நிற்காமல், படகுக்கு நாளொன்றுக்கு 3000 ரூபாயும் எரிபொருளும் தருவோம், உடைந்த படகைப் பழுது பார்த்துக் கொடுப்போம் என்றும் அறிவித்தார்கள். ‘உயிரைக் காப்பாற்றியதற்குக் காசு வேண்டாம், படகைச் சரி செய்து கொடுங்கள்’ என்று சொன்ன மீனவர்களும் உண்டு. நம் ஆட்டோக்காரர் சொன்ன அதே கணக்கு. பின்னால் மீனவ இளைஞர்களைக் கடலோரக் காவலில் வேலைக்கும் எடுத்தார்கள். என்னைக் கேட்டால் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ‘நீ செய்தது தற்செயல் இல்லை, உனக்கு ஒரு தொழில் திறமை இருக்கிறது’ என்று ஒரு அரசாங்கமே ஒத்துக்கொள்கிறது.

திறமை என்று சொன்னதும் நம் பகுதிப் பிள்ளைகள் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். வாரியக் குடியிருப்பில் ஒரு பொண்ணு. கல்லூரியில் படித்துக்கொண்டே, சாயங்காலம் ஆறு மணிக்கு மாடிப்படி வராண்டாவில் பாய் விரித்து, இருபது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அக்கா என்று பிள்ளைகள் உயிரை விடும். பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்து ஒரு பல்பு, பலகைக்குப் பதில் கறுப்புப் பெயின்ட் அடித்த சுவர். அவளுக்கு ஒரு விழாவில் சான்றிதழ் கொடுத்தார்கள். நான் வாங்கிப் பார்த்தேன். ‘செல்வி’ என்று அச்சடித்துப் புள்ளி வைத்த இடத்தில் பேரை ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருந்தார்கள். ‘தங்களின் மேலான சமூகப் பணியைப் பாராட்டி’ என்று கீழே ஒரு வரி. அந்த வரியை ஆம்புலன்ஸ் ஓட்டினவருக்கும் கொடுக்கலாம், அன்னதானம் போட்டவருக்கும் கொடுக்கலாம். கொடுத்தார்கள், எல்லோருக்கும் அதேதான்.

அந்தப் பொண்ணு வேலைக்கு மனுப் போட்டபோது என்ன நடந்தது தெரியுமா? முகவரியைப் பார்த்ததும் எதிரே இருந்தவர் முகம் மாறியது. வியாசர்பாடி, புளியந்தோப்பு என்றாலே ஒரு பார்வை இருக்கிறதே, இங்கே உட்கார்ந்திருக்கிற பாதிப்பேர் அதை அனுபவித்தவர்கள். அந்த இடத்தில் ‘மேலான சமூகப் பணி’ ஒன்றுக்கும் உதவாது. நாங்கள் இரண்டு பேர் உட்கார்ந்து வேறொரு கடிதம் எழுதினோம். எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை, வாரத்துக்கு எத்தனை நாள், எந்த வகுப்புப் பிள்ளைகள், என்ன பாடம், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாமல் வந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்பு எழுதினார்கள், வராத பிள்ளையின் வீட்டுக்குத் தேடிப்போய்ப் பேசினாள் என்பது வரை எழுதி, அந்தப் பிள்ளைகள் படிக்கிற பள்ளியின் தலைமை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கினோம். ஒரு பக்கம்தான். அடுத்த நேர்காணலில் அதைப் படித்துவிட்டு, ‘வராத பிள்ளையை எப்படித் திருப்பிக் கொண்டுவந்தீர்கள்?’ என்று கேட்டார்களாம். முகவரியைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

இப்படிக் கடிதம் எழுத, அவர் என்ன செய்தார் என்று தெரிந்திருக்க வேண்டும். அங்கேதான் நாம் மாட்டிக்கொள்கிறோம். தெரியாததால்தான் பொன்னாடை. பொன்னாடையில் யார் வேண்டுமானாலும் எதையும் தெரிந்துகொள்ளாமல் முடித்துவிடலாம்.

நம் மண்ணின் பெரிய சரித்திரத்திலேயே இது நடந்திருக்கிறது. 1918 ஏப்ரலில் பெரம்பூரில் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் தொழிலாளிகளை வைத்துத் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தை, இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்கிறார்கள். தலைவர் வாடியா என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அந்தச் சங்கத்துக்கு உழைத்த திரு.வி.க. பெயரில் மாநகராட்சி மண்டலமே இருக்கிறது. இருக்க வேண்டியதுதான். ஆனால் செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு என்ற இரண்டு பேரை இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்கச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். பெரம்பூரில் பக்திச் சொற்பொழிவுக்காக ஒரு சபை நடத்தியவர்கள் இவர்கள். அங்கே வந்த தொழிலாளிகள் மில்லில் படுகிற பாட்டைச் சொல்ல, அதைக் காதுகொடுத்துக் கேட்டு, சங்கம் வேண்டும் என்று அலைந்து, வாடியாவைப் போய்ப் பார்த்துக் கூட்டிவந்தவர்களும் இவர்களே. மேடையில் பேசினவர் பேர் நின்றது. மேடைக்கு ஆளைக் கூட்டிவந்தவர்கள் பேரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. மேடையில் நின்றுகொண்டு இதை நான் சொல்வதும் ஒரு வேடிக்கைதான்.

பேரைச் சொல்லுவதில் ஒரு எச்சரிக்கையும் வேண்டும். எல்லோருக்கும் போட்டோ பிடிக்காது. காசநோயாளிக்கு மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிற அக்காவின் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டால், அவர் எந்த வீட்டுக்குப் போனாலும் தெரு முழுக்க எட்டிப் பார்க்கும். வீட்டில் சொல்லாமல் வந்து வேலை செய்கிற பெண்கள் இருக்கிறார்கள். முதலில் கேளுங்கள். ‘வேண்டாம்’ என்றால் தனியாகப் பார்த்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வந்தால் போதும். முடிந்தால் அவர் வீட்டாரிடமும் சொல்லுங்கள். ‘ஊருக்கு உழைக்கிறான், வீட்டுக்கு ஒரு குடம் தண்ணி எடுத்து வைக்க ஆளில்லை’ என்று புலம்புகிற அம்மாதான் அந்தச் சேவைக்கு நிஜமான செலவுக்காரர்.

கடைசியாக, சேவையை நிறுத்திவிட்டவர்கள். இவர்களை யாரும் கூப்பிடுவதே இல்லை. கல்யாணமாகி செங்குன்றம் பக்கம் போனவர்கள், முழங்கால் வலியால் மாடி ஏற முடியாதவர்கள், வீட்டை இடித்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவர்கள். நம் படிப்பகத்தில் முதல் ஏழு வருஷம் சாவி வைத்திருந்த அக்கா இப்போது பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் இருக்கிறார். லிஃப்ட் எப்போது ஓடும் என்று சொல்ல முடியாதாம், அதனால் அவரை இங்கே வரச் சொல்லி விழா எடுக்க வேண்டாம். அவரிடம் படித்த நான்கு பேர் வருகிற ஞாயிற்றுக்கிழமை என்னோடு அங்கே வருகிறார்கள். போகவர பஸ் காசை நோட்டில் எழுதிவிட்டோம். காலை எட்டு மணிக்கு வண்ணாரப்பேட்டை மெட்ரோ வாசலில் நிற்போம். இன்னும் யாராவது வருவதாக இருந்தால், கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பேர் கொடுத்துவிட்டுப் போங்கள். வணக்கம்.