40,000 ரூபாயில் டிஎஸ்எல்ஆர்: முதலில் லென்ஸைத் தீர்மானியுங்கள்

வணக்கம். வடசென்னை ராயபுரத்தில் என் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்கும் இரைச்சல் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளுடையது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வியாசர்பாடியிலிருந்து கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் போன வாரம் என்னைப் பார்க்க வந்தார். பகுதிநேர வேலை செய்து 40,000 ரூபாய் சேர்த்திருக்கிறார். "அண்ணா, எந்த மாடல் டிஎஸ்எல்ஆர் வாங்கலாம்?" என்று கேட்டார். "எங்கே, எந்த நேரத்தில் படம் எடுக்கப் போகிறீர்கள் தம்பி?" என்று நான் திருப்பிக் கேட்டேன். காசிமேட்டில், பொழுது விடிவதற்கு முன் நடக்கும் மீன் ஏலத்தை எடுக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அந்தப் பதிலிலேயே அவர் வாங்க வேண்டிய லென்ஸ் இருந்தது. கேமரா அதற்குப் பிறகுதான் வருகிறது.

புது கேமராவோடு பெட்டியில் வரும் 18-55 மில்லிமீட்டர் கிட் லென்ஸ் மோசமான லென்ஸ் அல்ல. மில்லிமீட்டர் எண் சிறிதானால் அகலமான காட்சி, பெரிதானால் நெருக்கமான காட்சி. 1856-இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களையும் முகப்பையும் பகல் வெளிச்சத்தில் எடுக்க 18 மில்லிமீட்டரின் அகலமான காட்சி மிகவும் உதவும். ஆனால் அதே லென்ஸை 55 மில்லிமீட்டருக்குத் திருப்பினால் அதன் அபெர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை, எஃப் 5.6-ஐ விடப் பெரிதாகத் திறக்காது. எஃப் எண் சிறிதானால் துளை பெரிது. எஃப் 1.8 வரை திறக்கும் ஒரு பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாத, ஒரே மில்லிமீட்டர் கொண்ட லென்ஸ்) அதைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஏலக் கூடத்தில் விளக்கு வெளிச்சத்தில் கிட் லென்ஸ் நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் ஷட்டரைத் திறந்து வைக்கச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்துக்குள் கூடையைத் தூக்கும் அம்மாவின் கை அசைந்து படத்தில் வெறும் கோடாகிவிடும். எஃப் 1.8 லென்ஸில் அதே வெளிச்சத்தை இருநூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் வாங்கிவிடலாம், கையும் கையாகவே பதியும். லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது நம் கை நடுக்கத்தை மட்டுமே சரிசெய்யும்; எதிரே இருப்பவரின் அசைவை அதனால் நிறுத்த முடியாது.

சரி, எந்த பிரைம் லென்ஸ்? எல்லோரும் முதலில் சொல்வது 50 மில்லிமீட்டர் எஃப் 1.8. விலை குறைவு, படம் அருமையாக வரும், முகங்களை எடுக்க அதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஆனாலும் நம் பகுதிக்கு அதை முதல் லென்ஸாக நான் சொல்ல மாட்டேன். நம் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கும் கேமராக்களில் இருப்பது க்ராப் சென்சார், அதாவது பழைய ஃபிலிம் அளவைவிடச் சிறிய, படம் பதியும் சில்லு. அதில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் நிக்கானில் 75 போலவும் கேனானில் 80 போலவும் வேலை செய்யும், காட்சி அந்த அளவுக்குக் குறுகும். பழைய வண்ணாரப்பேட்டையின் ஒரு குறுகிய சந்தில் ஒருவரை முழு உருவமாக எடுக்க நினைத்துப் பின்னால் நகர்ந்துகொண்டே போனால், எதிர்ச்சுவரில் முதுகு இடித்த பிறகும் அவருடைய கால்கள் படத்துக்குள் வராது. அதனால் நிக்கான் வாங்குபவர்கள் 2009-இல் வந்த 35 மில்லிமீட்டர் எஃப் 1.8 டிஎக்ஸ் லென்ஸையும், கேனான் வாங்குபவர்கள் 24 மில்லிமீட்டர் எஃப் 2.8 எஸ்டிஎம் லென்ஸையும் முதலில் பாருங்கள். கேனான் லென்ஸ் வெளிச்சத்தில் சற்றுப் பின்தங்கினாலும் தட்டையாக, கையடக்கமாக இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. 35 மில்லிமீட்டரில் படம் எடுக்க வேண்டுமென்றால் ஆளுக்கு அருகில் போக வேண்டும். அருகில் போனால் பேசியே ஆக வேண்டும், எடுக்கலாமா என்று கேட்டே ஆக வேண்டும். நம் மக்களை அவர்களுக்கே தெரியாமல் தூரத்திலிருந்து எடுத்துக்கொண்டு போன படங்கள் போதும் என்பது என் உறுதியான எண்ணம்.

கேமரா பாடிக்கு, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவுக்கு, வருகிறேன். என் சொந்த அனுபவம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். என் முதல் கேமரா ஒரு நிக்கான் டி3400. அதற்காக ஒரு கடையில் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 டி என்ற பழைய லென்ஸை வாங்கினேன். விலை நன்றாக இருந்தது, கண்ணாடியும் சுத்தமாக இருந்தது. வீட்டுக்கு வந்து மாட்டினால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யவில்லை. லென்ஸில் பழுது இல்லை. அந்த வகை லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, பாடிக்குள் இருக்கும் மோட்டார்தான் அதைத் திருப்ப வேண்டும்; டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் அந்த மோட்டார் இல்லை. விற்றவர் அதைச் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. மாதக்கணக்கில் சேர்த்த பணம் அது. டி7000 வரிசையில் மோட்டார் உண்டு. டி3000, டி5000 வரிசை வைத்திருப்பவர்கள் லென்ஸின் மேல் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஏஎஃப்-பியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: டி90, டி5100, டி7000 போன்ற பழைய பாடிகளில் அது ஃபோகஸ் செய்யாது. கேனானில் இந்தத் தலைவலி இல்லை, ஈஎஃப் லென்ஸ்களுக்கு உள்ளேயே மோட்டார் இருக்கிறது.

டிஎஸ்எல்ஆரின் உள்ளே இருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களின் காலத்தில் டிஎஸ்எல்ஆர் வாங்கலாமா என்பதும் நியாயமான கேள்விதான். 2020-இல் வந்த மாடல்களோடு கேனானும் நிக்கானும் புதிய டிஎஸ்எல்ஆர் கொண்டுவருவதை நிறுத்திக்கொண்டன. பலர் தங்களுடையதை விற்றுவிட்டு மாறுவதால்தான் நல்ல பாடிகள் நமக்குக் குறைந்த விலையில் கிடைக்கின்றன. நாளை நீங்களும் மாறினால் இந்த லென்ஸ்களை அடாப்டர் போட்டுப் பயன்படுத்தலாம். ஆகவே தம்பிக்கு நான் சொன்னது செகண்ட் ஹேண்ட் டி7000, பணம் இடம் கொடுத்தால் 2015-இல் வந்த டி7200, அதனுடன் 35 மில்லிமீட்டர் லென்ஸ். கேனான்தான் வேண்டும் என்றால் 1500டி போதும். அதைவிட மலிவான 3000டியில் லென்ஸ் மாட்டும் வளையமே பிளாஸ்டிக். அடிக்கடி லென்ஸ் மாற்றுபவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கால்பந்து எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு 55-250 போன்ற ஜூம் தேவை, அதைத் தனியாகப் பேசுகிறேன்.

இப்போது நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம், பூஞ்சை. கடலோரத்தில் காற்றின் ஈரப்பதம் எப்போதும் அதிகம். லென்ஸின் உள்கண்ணாடியில் சிலந்தி வலை போல மெல்லிய நூல்கள் படர்ந்தால் அது பூஞ்சைதான். நாளடைவில் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும். செகண்ட் ஹேண்ட் லென்ஸைக் கையில் வாங்கியதும் இரண்டு மூடிகளையும் கழற்றி, அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சை அடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். ஓரிரு தூசி இருந்தால் படத்தில் தெரியாது, அதற்காக நல்ல லென்ஸை விட்டுவிடாதீர்கள். நூல் தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். பாடியில் ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்பதையும் கேளுங்கள். நிக்கானில் புதிதாக எடுத்த படத்தின் தகவலிலேயே அந்த எண் பதிவாகும், கேனானில் பெரும்பாலும் தனி மென்பொருள் வேண்டியிருக்கும். டி7000-இன் ஷட்டர் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. 40,000 முறை ஓடியிருந்தால் தயங்காமல் வாங்கலாம்.

வாங்கிய பிறகு தோல் பையிலோ பீரோவிலோ துணிகளுக்கு நடுவிலோ வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறிய மீட்டர், இவ்வளவுதான் செலவு. மீட்டர் 40-க்கும் 50 சதவீதத்துக்கும் இடையே நிற்கட்டும். சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மெல்லிய தீயில் சூடாக்கி, ஆறவைத்துத் திரும்பப் போடலாம். காசிமேட்டிலிருந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் பாடியையும் லென்ஸின் வெளிப்புறத்தையும் லேசாக ஈரமான துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைத்து, அதன் பிறகே டப்பாவில் வையுங்கள். கடற்காற்று வீசும் இடத்தில் லென்ஸை மாற்றவே மாற்றாதீர்கள்.

தம்பி இன்னும் பணத்தைக் கொடுக்கவில்லை, கொடுக்க வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருக்கிறேன். வரும் ஞாயிறு விடியற்காலை மூன்றரை மணிக்கு நாங்கள் இருவரும் காசிமேடு போகிறோம். என் 35 மில்லிமீட்டரையும் கிட் லென்ஸையும் அவரிடமே கொடுத்து, இரண்டிலும் ஏலத்தை எடுக்கச் சொல்லப் போகிறேன். அந்தப் படங்களை அவர் அனுமதியோடு அடுத்த பதிவில் உங்களுக்குக் காட்டுகிறேன்.