வேலூர் போர்டு பட்டறையும், காணாமல் போகக் கூடாத இரண்டு புள்ளிகளும்

வணக்கம் மக்களே! இரண்டே இரண்டு புள்ளி. அவை விழுந்துவிட்டால் வேலூரில் ஒரு வீடே காணாமல் போய்விடும். எப்படி என்று கேட்கிறீர்களா? வீடியோவைத் தள்ளிவிடாமல் பாருங்கள், காட்டுகிறேன்.

[காட்சி: காந்தி ரோடு, காலை. ஆஸ்பத்திரி வாசல், எதிரே லாட்ஜ் போர்டுகள்.]

வேலூர்க்காரர்களுக்கு இந்த இடத்தைச் சொல்லவே வேண்டாம். 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய சி.எம்.சி., அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்காளதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ பக்கத்துக் காட்பாடி ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறார்கள். கையில் ஃபைல், கண்ணில் கவலை. அவர்கள் முதலில் தேடுவது டாக்டரை அல்ல, தங்க ஓர் அறையை. அதனால்தான் இந்தத் தெருக்களில் லாட்ஜ், மெஸ், மருந்துக்கடை என்று எதைப் பார்த்தாலும் தமிழுக்குக் கீழே வங்காள எழுத்து இருக்கும்.

அந்த எழுத்தை எழுதியவர்கள் யார்? பெரும்பாலும் வங்காளம் பேசத் தெரியாத நம்ம ஊர் ஆர்டிஸ்ட்கள்! இதைக் கேட்டதிலிருந்து எனக்கு உட்கார முடியவில்லை. நேராக ஒரு போர்டு கம்பெனிக்குப் போய்விட்டேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், அதனால் போடவில்லை.

பின்னணியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். முதலில் தகரம், எனாமல் பெயின்ட், பிரஷ். வெளிநாட்டில் ஜார்ஜ் க்ளோட் என்ற பிரெஞ்சுக்காரர் 1910-ல் பாரிசில் நியான் விளக்கைக் காட்டினார். நம்ம பஜாருக்கு டியூப்லைட் வைத்த பெட்டி போர்டு வந்தது. அப்புறம் ஃபிளெக்ஸ். இப்போது ஏசிபி என்ற அலுமினியப் பலகை ஷீட்டும் அக்ரிலிக் எழுத்தும் எல்இடியும். அவ்வளவுதான்.

இந்தப் பட்டறையும் அதே வழியில்தான் வளர்ந்தது. தொடக்கத்தில் தெருவோரம் ஒரு கொட்டகை, இரண்டு பேர். இன்று வெல்டிங் ஒரு பக்கம், கம்ப்யூட்டர் சொல்கிறபடி வெட்டும் சிஎன்சி மெஷின் ஒரு பக்கம், பெண்கள் வரிசையாக உட்கார்ந்து எல்இடி ஒட்டி ஒயர் பற்றவைக்கும் நீள மேசை ஒன்று, ஏணியோடு கிளம்பும் ஃபிட்டிங் பையன்கள் தனி. ஃபிளெக்ஸ் வந்த காலத்தில் எத்தனையோ ஆர்டிஸ்ட்கள் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். இங்கே முதலாளி தன் ஆர்டிஸ்ட்டை அனுப்பவில்லை. "எழுத்து தெரிஞ்ச ஆளு வேணும் தம்பி, மெஷினுக்கு எழுத்து தெரியாது" என்றார் என்னிடம். இந்தக் கம்பெனி வளர்ந்ததற்குக் காரணம் மெஷின் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த ஒரு முடிவுதான் காரணம்.

சரி, புள்ளிக்கு வருவோம்.

[காட்சி: மேசை மேல் ஒரு பழைய தகர போர்டு. பெரியவரின் விரல் ஓர் எழுத்தின் அடியில்.]

"கொர் பாரா". வங்காளத்தில் இதற்கு 'வாடகைக்கு வீடு' என்று அர்த்தம். இரண்டே சொல். அந்த எழுத்தில் 'பஸ்' என்று சொல்லும்போது வரும் 'ப'வும், நம்ம 'ர'வும் ஒரே முக்கோண வடிவம்தான். அடியில் ஒரு புள்ளி வைத்தால் 'ர', வைக்காவிட்டால் 'ப'. முதல் சொல்லில் அந்தப் புள்ளி ஒன்று. இரண்டாவது சொல்லில் 'ட' மாதிரி ஓர் எழுத்து, அதற்கு அடியிலும் ஒரு புள்ளி. ஆக இரண்டு சொல்லுக்கு இரண்டு புள்ளி. இரண்டும் விழுந்தால் 'கொப் பாடா'. எந்த அகராதியிலும் கிடைக்காது. வீடு போயே போச்சு!

ஆர்டிஸ்ட் ஐயா முதல் முறை எழுதியபோது நடந்தது இதுதானாம். லாட்ஜ்காரர் ஒரு சின்னத் தாளில் எழுதிக் கொடுத்த மாதிரியைப் பார்த்து, கோலத்தைப் பார்த்துக் கோலம் போடுவது போல வரைந்திருக்கிறார். புள்ளியைத் தாளில் விழுந்த மைத்துளி என்று நினைத்து விட்டுவிட்டார். போர்டு காய்ந்துகொண்டிருக்கும்போது, ஆஸ்பத்திரி ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டீ குடிக்க வந்த ஒரு வங்காளிப் பெரியவர் நின்று பார்த்தார். பாஷை தெரியாது. விரலால் எழுத்துக்கு அடியில் தொட்டார், ஒரு முறை. நகர்ந்து இன்னொரு முறை. ஐயாவுக்குப் புரிந்துவிட்டது. பிரஷ் நுனியில் சிவப்பைத் தொட்டு இரண்டு பொட்டு வைத்தார். அந்த மனிதர் சத்தமாக வாசித்தாராம்: "கொர் பாரா!" இதைச் சொல்லும்போது அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் மக்களே.

இப்போது நான் கேட்டேன், "ஐயா, நம்ம தமிழ்ல புள்ளி இல்லையா?" அங்கேதான் அரை மணி நேரம் போனது. வெட்டாமல் போடுகிறேன், ஏனென்றால் இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியமே சொல்கிறது. ஆனால் ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும் என்று பல ஏடுகளில் புள்ளி வைக்காமலே விட்டார்கள். ஓலையில் இருந்த அதே தொந்தரவு இன்று அக்ரிலிக்கில்! வெட்டிய எழுத்தில் புள்ளி எதையும் ஒட்டிக்கொண்டு நிற்காது. தனித்துண்டு. அதற்குத் தனியாக ஓட்டை, தனியாக ஒயர், அதற்குள் ஒரு குட்டி எல்இடி.

'கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை' என்று எழுதிப் பார்த்து எண்ணுங்கள். ஐந்து புள்ளி. அதையே ஆங்கிலத்தில் கேப்பிட்டல் எழுத்தில் எழுதினால் ஒன்றுகூடக் கிடையாது. அதே நீளப் போர்டு, தமிழுக்கு ஐந்து துண்டு கூடுதல் வேலை. சதுர அடிக் கணக்கில் விலை பேசுகிறவர்களுக்கு இந்த ஐந்து துண்டு கண்ணில் படாது. அடுத்த முறை போர்டுக்கு பேரம் பேசும்போது இதை ஞாபகம் வையுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

எல்இடி விஷயத்தில் இன்னொன்று. உள்ளே இருக்கும் விளக்கு எழுத்தின் முகத்துக்கு மிகவும் பக்கத்தில் இருந்தால் வெளியே பொட்டுப் பொட்டாகத் தெரியும், அசிங்கமாக இருக்கும். தள்ளி வைத்தால்தான் வெளிச்சம் பரவும். ஆக, விளக்கின் புள்ளி தெரியக் கூடாது, எழுத்தின் புள்ளி தெரிந்தே ஆக வேண்டும். மேசையில் இருக்கும் அக்காமார்கள் நாள் முழுக்கச் செய்வது இதைத்தான்.

கம்ப்யூட்டர் இருக்கிறதே, தப்பு வருமா என்று கேட்கலாம். வரும். சில பழைய மென்பொருளில் தமிழை ஒட்டினால் 'வேலூர்' என்பதில் கொம்பு ஒரு பக்கம், 'வ' ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். வங்காளத்திலும் இதே கதை. அதனால் டிசைன் பண்ணும் தம்பி எதையும் மெஷினுக்கு அனுப்பும் முன் ஐயாவைக் கூப்பிடுகிறான். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்தைப் பார்ப்பதற்கு முன் புள்ளியைப் பார்க்கிறார்.

அந்தப் பழைய தகர போர்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது 13 எழுத்துகளின் உருவம் மாறியது. 'அண்ணா'வில் உள்ள 'ணா', 'விற்பனை'யில் உள்ள 'னை', யானைத் துதிக்கை வைத்த 'லை' எல்லாம் மாறின. பிறகு 1989-ல் வடஆற்காடு மாவட்டம் பிரிந்தது, 2019-ல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஒவ்வொரு முறையும் போர்டுக்காரர்களுக்கு வேலை. துதிக்கை 'லை'யோ, 'வடஆற்காடு' என்ற சொல்லோ இன்னும் அழியாத போர்டு உங்கள் தெருவில் இருந்தால் தயவுசெய்து ஒரு படம் எடுத்து கமென்ட்டில் ஊரைச் சொல்லுங்கள். பெயின்ட் அடிக்கும் முன் எடுத்துவிடுங்கள்!

[காட்சி: தோட்டப்பாளையம், இரவு. ஏணி, புதிய போர்டு.]

கடைசியாக ஃபிட்டிங்குக்கும் கூடப் போனேன். ஏசிபி பலகை ஏறிவிட்டது, தமிழ் எழுத்துகள் ஏறிவிட்டன, கீழ்வரியில் வங்காளம். மெயினைப் போட்டதும் எழுத்தெல்லாம் வெள்ளையாக எரிந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். ஐயா தட்டவில்லை. சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றார். நடுவில் ஒரு பஸ் போனது. அது போகும்வரை காத்திருந்து, விரலை நீட்டி எண்ணினார்.

"ஒண்ணு... ரெண்டாவது எரியலடா."

பையன் ஏணியில் திரும்பவும் ஏறி ஒயரை அழுத்தினான்.

"ம். இப்ப எரியுது. இறங்கு."