வெண்ணெய் ஏரியைச் சுற்றி ஒரு நடை

நேயர்களுக்கு வணக்கம். நான் மான்செஸ்டருக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீர் எந்த ஊர்த் தண்ணீர் என்று முதல் பத்து வருடம் நான் யோசித்ததே கிடையாது. வடக்கே லேக் டிஸ்ட்ரிக்டில் தர்ல்மியர் என்று ஓர் ஏரி இருக்கிறது. அதற்கு அணை கட்டி, வாய்க்கால் வெட்டி, 96 மைல் தூரம் மான்செஸ்டருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். முதல் தண்ணீர் ஊருக்குள் வந்தது 1894-இல். வழியில் ஒரு பம்பு கிடையாது, வெறும் சரிவிலேயே ஓடி வருகிறது. இதைக் கேள்விப்பட்ட பிறகுதான், இத்தனை நாள் தண்ணீர் குடித்த ஊரை ஒரு தடவையாவது பார்க்க வேண்டாமா என்று தோன்றியது. போனேன். அப்புறம் வருடா வருடம் போய்க்கொண்டே இருக்கிறேன்.

இன்று நான் சொல்லப்போவது தர்ல்மியரைப் பற்றி அல்ல. அதற்கு மேற்கே, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பட்டர்மியர் ஏரியைப் பற்றி. அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் நாலரை மைல், அதாவது சுமார் ஏழு கிலோமீட்டர். பெரும்பாலும் சமதரை. சாதாரணமாக நடப்பவர்களுக்கு இரண்டு அல்லது இரண்டரை மணி நேரம். நாங்கள் போன வருடம் மூன்றே முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டோம், ஏனென்றால் என் மாமியாரும் வந்திருந்தார். அவருக்கு 71 வயது, திருவாரூர்க்காரர், இடது முழங்கால் கொஞ்சம் தகராறு. சேலை, அதற்கு மேல் என் மனைவியின் மழைக்கோட்டு, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ.

பட்டர்மியர் என்றால் வெண்ணெய் ஏரி. சுற்றிலும் நல்ல மேய்ச்சல் நிலம், பால் மாடு, அதனால் அந்தப் பெயர் என்கிறார்கள். தென்மேற்குப் பக்க மலையிலிருந்து வெள்ளையாக நுரைத்து இறங்குகிற ஓடைக்குப் பெயர் சவர்மில்க் கில், அதாவது புளித்த பால் ஓடை. மாமியாரிடம் சொன்னேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "மோர்னு வச்சுக்கலாம்" என்றார். தூரத்திலிருந்து பார்த்தால் பாறை மேல் யாரோ மோர்ப்பானையைக் கவிழ்த்த மாதிரிதான் இருக்கிறது.

திருவாரூர்க்காரரை எந்தக் குளத்துக்கு அழைத்துப்போனாலும் கமலாலயத்தோடு ஒப்பிடாமல் விடமாட்டார். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று ஆரம்பித்துவிடுவார். இது முப்பது வேலிக்கு மேல் இருக்கும் என்றேன். "படித்துறை இருக்கா?" என்று கேட்டார். இல்லை. மதகும் கலிங்கும் இல்லை. இந்த ஏரியை யாரும் வெட்டவில்லை. பனியுகத்தில் பனியாறு பள்ளத்தாக்கைச் சுரண்டிக்கொண்டு போன இடத்தில் தண்ணீர் நின்றுவிட்டது, அவ்வளவுதான். பக்கத்தில் இருக்கிற கிரம்மக் வாட்டரும் இதுவும் ஒரு காலத்தில் ஒரே ஏரி. மலையோடைகள் அடித்துக்கொண்டு வந்த கல்லும் மண்ணும் நடுவில் படிந்து, இரண்டாகப் பிரிந்துவிட்டன. பட்டர்மியர் கிராமம் அந்த வண்டல் மேட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது.

கிளம்பும்போதே ஒரு சண்டை. நான் இடதுகைப் பக்கம் ஏரி இருக்கும்படி போகலாம் என்றேன். மாமியார் விடவில்லை. "தண்ணியை வலமாத்தான் சுத்தணும், மாப்பிள்ளை." என்னிடம் இருந்தது சூரியக் கணக்கு. தென்மேற்குக் கரையை ஒட்டி ஹை ஸ்டைல் என்ற மலை, 807 மீட்டர், செங்குத்தாக நிற்கிறது. மதியத்துக்கு மேல் அதன் நிழல் அந்தக் கரை முழுக்க விழுந்துவிடும், குளிரும். காலையில் அந்தப் பக்கம் வெயில், பிற்பகலில் எதிர்க்கரையில் வெயில். ஆகவே காலையில் கிளம்புகிறவர்கள் தென்மேற்குக் கரையில் ஆரம்பித்தால் முழு நேரமும் வெயிலிலேயே நடக்கலாம். இங்கிலாந்தில் வெயிலை விட்டுக்கொடுக்க முடியுமா? மனைவி என் பக்கம் சேர்ந்ததால் இடமாகவே போனோம்.

கிராமத்திலிருந்து வயல் வழியாக இறங்கி, சின்னப் பாலத்தைத் தாண்டினால் பர்ட்னஸ் காடு. அகலமான பாதை, வேர் தடுக்கும் இடம் ஒன்றிரண்டுதான். இடது பக்கம் மரங்களுக்கு நடுவே ஏரி வந்து வந்து போகும். காடு முடிகிற இடத்தில் ஒரு கிஸ்ஸிங் கேட். பெயரைக் கேட்டு யாரும் வெட்கப்பட வேண்டாம். அரைவட்டமாக ஓர் அடைப்பு, அதற்குள் அங்குமிங்கும் ஆடுகிற ஒரு கதவு. கதவு இரண்டு பக்கத் தூணையும் லேசாகத் தொடுகிறதே, அதைத்தான் முத்தம் என்கிறார்கள். ஒரு நேரத்தில் ஓர் ஆள்தான் நுழைய முடியும், ஆடு நுழைய முடியாது. மாமியார் உள்ளே போய்விட்டார். மழைக்கோட்டின் நுனி கதவில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. அந்தப் பக்கம் நின்ற ஓர் ஆடு, அசைபோட்டபடி, முழு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தது.

அது ஹெர்ட்விக் ஆடு. இந்த மலைகளுக்கே உரிய செம்மறி. குட்டி பிறக்கும்போது கரிக்கறுப்பு. வளர வளர முகம் வெளுத்து, ரோமம் சாம்பல் நிறமாகிவிடும், நமக்கு நரைப்பது போலத்தான். இவற்றுக்கு மலை மேல் வேலி கிடையாது. எந்த மலைச்சரிவு தன்னுடைய இடம் என்பதைக் குட்டி தாயோடு மேயும்போதே கற்றுக்கொள்கிறது. அது வளர்ந்து தன் குட்டிக்குக் கற்றுக்கொடுக்கும். ஹெஃப்டிங் என்பார்கள். 2001-இல் கோமாரி வந்து, அது பரவாமல் தடுக்க இந்தக் கம்பிரியா மாவட்டத்தில் மந்தை மந்தையாக ஆடுகளை அரசாங்கம் கொல்லவைத்தபோது விவசாயிகள் பயந்தது இதற்காகவும்தான். ஆட்டை விலைக்கு வாங்கிவிடலாம், அதன் தலைக்குள் இருக்கிற மலையை எந்தச் சந்தையில் வாங்குவது?

ஏரியின் தலைப்பகுதியில் கேட்ஸ்கார்த் என்ற பண்ணை. அங்கே எதிரில் நிற்கிற கரடுமுரடான மலை ஹேஸ்டாக்ஸ், 597 மீட்டர். உயரத்தில் பெரிய ஆள் இல்லை. ஆனால் ஆல்ஃபிரட் வெயின்ரைட் என்ற மனிதருக்கு அதுதான் எல்லாவற்றையும் விடப் பிடித்த மலைகளில் ஒன்று. பிளாக்பர்னில் பிறந்து, கெண்டல் நகரசபையில் கணக்குப் பார்த்தவர். வேலை நேரம் போக, இந்தப் பகுதியின் 214 மலைகளையும் நடந்து நடந்து, கையாலேயே எழுதி, கையாலேயே படம் வரைந்து வழிகாட்டி நூல்கள் செய்தார். 1991-இல் இறந்தபோது, அவர் விரும்பியபடி அஸ்தியை ஹேஸ்டாக்ஸ் உச்சியில் இருக்கிற சிறு குளத்தருகே தூவினார்கள். அந்தக் குளத்தின் பெயரே பெயரிலி, அவர்கள் மொழியில் இன்னாமினேட். கிராமத்து மேட்டில் இருக்கிற சின்னஞ்சிறு செயின்ட் ஜேம்ஸ் தேவாலயத்தில் ஒரு ஜன்னலடியில் அவருக்குக் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். அந்த ஜன்னல் வழியே பார்த்தால் ஹேஸ்டாக்ஸ் தெரியும். மேகம் இல்லாவிட்டால்.

கேட்ஸ்கார்த்திலிருந்து கொஞ்ச தூரம் தார்ச்சாலையில் நடக்க வேண்டும். நடைபாதை கிடையாது. வண்டி வருவது தெரிகிற மாதிரி வலப்பக்கமாக, ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். இந்த நடையில் எனக்குப் பிடிக்காத பகுதி இது ஒன்றுதான். அப்புறம் மறுபடி ஏரிக்கரை.

கொஞ்ச தூரத்தில் பாதை நேராக ஒரு பாறைக்குள் நுழைகிறது. குகை இல்லை, குடைந்த சுரங்கம். குனிந்துதான் போக வேண்டும். காலடியில் சேறு, நடுவில் ஒரு பத்து அடி கண் தெரியாத இருட்டு, தலையில் ஐஸ் மாதிரி ஒரு சொட்டு விழும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பக்கத்து ஹாஸ்னஸ் மாளிகையில் இருந்த ஜார்ஜ் பென்சன் என்ற ஆலை முதலாளி குடையச் சொன்னது என்கிறார்கள். அவரும் மான்செஸ்டர்தான். கரையை விட்டு விலகாமல் ஏரியைச் சுற்றி வர வேண்டுமாம், நடுவில் பாறை இடைஞ்சலாக இருந்ததாம். குளிர்காலத்தில் வேலையாட்களைச் சும்மா வைத்திருக்க வேண்டாம் என்று குடைய வைத்தார் என்றும் ஒரு கதை.

அந்த இருட்டில் நிற்கும்போதெல்லாம் எனக்கு மான்செஸ்டரின் இன்னொரு கூட்டம் ஞாபகம் வரும். 1932 ஏப்ரலில் ஆலைத் தொழிலாளர்களும் இளைஞர்களுமாக நூற்றுக்கணக்கானவர்கள், எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற கிண்டர் ஸ்கவுட் மலைமேல் வேண்டுமென்றே அத்துமீறி ஏறினார்கள். அது பிரபுக்கள் கௌதாரி சுடுவதற்காக அடைத்து வைத்திருந்த மலை. காவலாட்களோடு கைகலப்பு, ஐந்து பேருக்குச் சிறை. 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது, 1951-இல் லேக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்கா ஆனது. சுற்றி நடக்க முதலாளி ஒருவர் பாறையைக் குடைந்த அதே கரையில், இன்றைக்கு என் மாமியார் யாரிடமும் கேட்காமல், காசு கொடுக்காமல் நடக்கிறார். பண்ணைக்காரரின் வயலுக்குள்ளேயே அம்புக்குறி போட்டு வழி விட்டிருக்கிறார்கள். நாம் செய்ய வேண்டியது, நாமே திறந்த கேட்டைத் திரும்பச் சாத்துவது, நாய் இருந்தால் கயிற்றில் பிடிப்பது, இவ்வளவுதான். வசந்தத்தில் கரையோரம் உள்ளான் குருவிகள் கூடு கட்டுகிற நேரத்தில் சில வாரம் இந்தப் பக்கப் பாதையில் ஒரு துண்டை மூடிவிடுவார்கள். பலகை வைத்திருந்தால் முணுமுணுக்காமல் சாலை வழியாகச் சுற்றிப் போங்கள்.

சரி, பப்புக்கு வருவோம். பாதி நேயர்கள் அதற்காகத்தான் காத்திருப்பீர்கள்.

கிராமத்தில் இரண்டு பழைய விடுதிகள். ஒன்று பிரிட்ஜ். இன்னொன்று ஃபிஷ் இன், இப்போது பெயரை மாற்றிவிட்டார்கள். அந்த ஃபிஷ் இன்னுக்கு ஒரு கதை உண்டு. விடுதிக்காரர் மகள் மேரி ராபின்சன். அவளுக்குப் பதினைந்து வயது இருக்கும்போது ஒரு பயணி பார்த்துவிட்டு, அவள் அழகை வருணித்து 1792-இல் அச்சிலும் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு ஏரியைப் பார்க்க வருகிறவர்கள் அவளையும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். 1802-இல் ஒருவன் வந்தான், ஒரு பிரபுவின் தம்பி, கர்னல் ஹோப் என்று சொல்லிக்கொண்டு. அக்டோபரில் கல்யாணம். அப்போது கெஸிக் ஊரில் இருந்த கவிஞர் கோல்ரிட்ஜ் லண்டன் பத்திரிகைக்கு இந்தச் செய்தியை எழுதி அனுப்பினார். அதைப் படித்தவர்கள், நிஜ ஹோப் வெளிநாட்டில் அல்லவா இருக்கிறார் என்றார்கள். வந்தவன் பெயர் ஜான் ஹாட்ஃபீல்ட், ஏற்கெனவே கல்யாணமானவன், கடன்காரன். 1803 செப்டம்பரில் கார்லைலில் தூக்கிலிட்டார்கள். மேரியை ஏமாற்றியதற்காக அல்ல, போலிக் கையெழுத்துக்காக. எம்.பி. என்று கையெழுத்துப் போட்டு இலவசமாகத் தபால் அனுப்பியதும் அவன்மேல் இருந்த குற்றங்களில் ஒன்று. ஒரு பெண்ணின் வாழ்க்கையைவிடத் தபால் கூலி பெரிதாக இருந்த காலம். மேரி அதோடு இடிந்துபோய்விடவில்லை. பிறகு கால்ட்பெக் ஊர் விவசாயி ஒருவரைக் கல்யாணம் செய்து, 1837 வரை வாழ்ந்தாள்.

இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே பப் வாசலுக்கு வந்துவிட்டோம். மாமியார் நின்றுவிட்டார். "சாராயக் கடைக்கா கூட்டிட்டு வந்தீங்க, மாப்பிள்ளை?" நம்மில் பல பேருக்கு இந்தத் தயக்கம் இருக்கிறது. கதவைத் திறந்து காட்டினேன். மூலையில் ஒரு பாட்டி பேரனுக்குச் சூப் ஊட்டிக்கொண்டிருந்தார். கணப்பு முன்னால் நனைந்த நாய் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. எல்லார் ஷூவிலும் எங்கள் ஷூவில் இருந்த அதே சேறு. உள்ளே வந்தார்.

புதிதாகப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. மேசையில் உட்கார்ந்து சர்வரை எதிர்பார்க்காதீர்கள், கவுன்டருக்குப் போய்ச் சொல்ல வேண்டும். வரிசை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது, ஆனால் யாருக்குப் பின்னால் யார் என்று எல்லாருக்கும் தெரியும். ஏல் பீர் கேட்டால் கைப்பம்பை இழுத்து ஊற்றுவார்கள். ஜில்லென்று இருக்காது, அது அப்படித்தான். ஒரு பைன்ட் 568 மில்லி, நான் அரை பைன்டோடு நிறுத்திக்கொள்கிற ஜாதி. குடிக்காதவர்களை யாரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை. குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். இன்னொன்று, மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்தால் பல இடங்களில் சமையலறையை மூடிவிடுவார்கள். இதே மாவட்டத்தில் வேறொரு பப்பில் மூன்று மணிக்குப் போய், நான்கு பேர் இரண்டு சிப்ஸ் பாக்கெட்டைப் பங்கு போட்ட அனுபவம் எனக்கு உண்டு.

அன்றைக்குச் சூடான உருளைக்கிழங்கு வறுவல் கிடைத்தது. மாமியார் வினிகரைத் தள்ளி வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். இட்லி மிளகாய்ப்பொடி. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்க்க, அவருக்கும் ஒரு சிட்டிகை போனது. அவர் கண்ணில் தண்ணீர் வந்தது, இன்னும் கொஞ்சம் கேட்டார்.

வழி கேட்பவர்களுக்கு: கெஸிக் ஊரிலிருந்து கோடைக்காலத்தில் 77, 77ஏ பேருந்துகள் வருகின்றன. நேரம் பார்த்து வையுங்கள், அடிக்கடி கிடையாது. ஹானிஸ்டர் கணவாய் வழியாக வந்தால் நான்குக்கு ஒன்று என்ற சரிவு, சாப்பிட்டவுடன் ஏறாதீர்கள். பள்ளத்தாக்கில் போன் சிக்னலை நம்ப முடியாது. மழைக்கோட்டு கட்டாயம். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சீத்வெயிட்டில் வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதில் இந்தப் பக்கத்துக்கும் தாராளமாகப் பங்கு உண்டு.

பேருந்துக்குக் காத்திருந்தபோது மாமியார் முழங்காலைத் தடவிக்கொண்டே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டேன்.

"வலியெல்லாம் இருக்கட்டும். இடமா சுத்தினது கணக்கில சேராது. அடுத்த வருஷம் வந்து வலமா ஒரு சுத்து சுத்திடணும்."


நன்றி, வணக்கம்.