டயர் ஏன் விறகைப் போல எரிவதில்லை? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாட்களாக என்னை விடவில்லை. ஈரோட்டிலிருந்து ஓர் அம்மா அனுப்பியது. "ரப்பர் மரத்துப் பாலில்தானே டயர் செய்கிறார்கள்? அப்படியானால் அது விறகு மாதிரித்தானே எரிய வேண்டும்? ஏன் அவ்வளவு கரும்புகை? போகி அன்று எங்கள் தெருவில் பையன்கள் கொளுத்திய லாரி டயர், நான்கு குடம் தண்ணீர் ஊற்றியும் அணையவில்லையே!"

டயர் என்றால் ரப்பர் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். ஒருமுறை, தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங் பட்டறை ஒன்றில், இரும்பு அறுக்கும் ரம்பத்தை வாங்கி ஒரு பழைய கார் டயரை அறுத்துப் பார்த்தேன். பக்கவாட்டுச் சுவர் சுலபமாக வந்தது. பட்டனுக்கு, அதாவது சாலையில் உரசும் பகுதிக்கு, அடியில் போனதும் மெல்லிய எஃகுக் கம்பிகள் வரிசை வரிசையாகப் பல்லிளித்தன. விளிம்பில் இருக்கும் கம்பி வளையத்தைத் தொட்டதும் ரம்பத்தின் பல் போய்விட்டது. பட்டறைக்காரர் சிரித்துக்கொண்டே, "விளிம்பில் போய் யாராவது கை வைப்பார்களா சார்?" என்றார்.

ஆக, உள்ளே எஃகு இருக்கிறது, நைலான் அல்லது பாலியெஸ்டர் நூல் இருக்கிறது, கந்தகம், துத்தநாக ஆக்சைடு, எண்ணெய் எல்லாம் இருக்கின்றன. ரப்பரிலும் ஒரு பகுதிதான் மரத்துப் பால். கார் டயரில் பொதுவாகப் பெட்ரோலியத்திலிருந்து வரும் செயற்கை ரப்பர் அதிகம். லாரி டயரில் மரத்து ரப்பர் அதிகம். இவை போக, எடையில் ஏறத்தாழ கால் பங்கு வெறும் கரி. கார்பன் பிளாக் என்பார்கள். அது இல்லாவிட்டால் பட்டன் சீக்கிரமே தேய்ந்துவிடும். டயர் கறுப்பாக இருப்பதும் அதனால்தான். ரப்பரின் நிறம் கறுப்பு அல்ல.

இந்தக் கரியை எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? எங்கள் பாட்டி விளக்குச் சுடருக்கு மேலே தட்டைக் கவிழ்த்துக் கண் மை எடுப்பார்கள். அதே வேலைதான். எண்ணெயைப் போதாத காற்றில் எரித்து, புகைக்கரியைப் பிடித்துக்கொள்கிறார்கள். புகையைப் பிடித்து உள்ளே வைத்துச் செய்த பொருள் எரியும்போது புகையாமல் என்ன செய்யும்?

ஆனால் அந்தக் கரி முக்கியக் காரணம் அல்ல. விறகின் எடையில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் ஆக்சிஜன். கொஞ்சம் காற்றை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரப்பரில் அநேகமாக கார்பனும் ஹைட்ரஜனும்தான். ஆக்சிஜன் முழுவதும் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். தெருவில் எரியும் டயருக்கு அவ்வளவு காற்று கிடைப்பதில்லை. எரியாத கார்பன் கரும்புகையாகக் கிளம்புகிறது. கந்தகம் எரிந்து கந்தக டை ஆக்சைடாகித் தொண்டையைப் பிடிக்கிறது. 2018 போகி அன்று பனியும் இந்தப் புகையும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தையே தடுமாற வைத்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

தண்ணீர் ஏன் அணைக்கவில்லை? ஒரு கிலோ டயரின் வெப்பம், ஒரு கிலோ காய்ந்த விறகைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. மேலே ஊற்றும் தண்ணீர் வளைந்த முதுகில் வழிந்து ஓடிவிடும். வயிற்றுக்குள் காற்றும் தீயும் பத்திரமாக இருக்கும். போதாததற்கு, சூட்டில் ரப்பர் சிதைந்து எண்ணெயாக ஒழுகி, அதுவும் எரியும். கனடாவின் ஹேகர்ஸ்வில்லில் 1990 பிப்ரவரியில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட டயர்கள் இருந்த கிடங்கு பற்றிக்கொண்டு 17 நாட்கள் எரிந்தது. நம் வீட்டுத் தெருவில் நான்கு குடத்தால் என்ன ஆகும்? மண்ணை அள்ளிப் போட்டு மூடியிருக்க வேண்டும் அம்மா.

இதையெல்லாம் விட, எரிக்காமல் அந்த டயரை உருக்கி வேறு டயர் ஊற்றலாமே என்று யாராவது கேட்க மாட்டீர்களா என்று காத்திருக்கிறேன். பிளாஸ்டிக் குடத்தை உருக்குகிறோம், டயரை முடியாது. பழைய பார்வையாளர்களுக்கு என் இட்லி தெரியும், புதியவர்களுக்காக மறுபடி. மாவு ஓடும், ஊற்றலாம். வெந்த இட்லியை மறுபடி மாவாக்க முடியுமா? 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தது இந்த வேக வைப்பைத்தான். ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கினால், ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளை இழைக்கு இழை கந்தகம் முடிச்சுப் போட்டுவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் கருகுமே தவிர உருகாது. நம் ஊர் பஞ்சர் கடைப் பலகையில் 'வல்கனைசிங்' என்று எழுதியிருப்பது இதைத்தான்.

சென்ற முறை இதைச் சொன்னபோது ஒருவர் கீழே எழுதியிருந்தார்: "சார், மாவாக்க முடியாது, சரி. உதிர்த்து உப்புமா செய்யலாமே?" நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அதைத்தான் செய்கிறார்கள். டயரைப் பொடியாக்கித் தாரில் கலந்து சாலை போடுகிறார்கள். அந்த நண்பர் இன்றும் பார்த்துக்கொண்டிருந்தால், உங்கள் உப்புமாவின் மேல்தான் நேற்று நான் பஸ்ஸில் வந்தேன் என்று நினைக்கிறேன். சரி, அடுத்த கேள்வி.