அடிக்கப் போன கை

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் கை கட்டி உட்கார்ந்திருக்கும் அண்ணா, அக்கா, மழையையும் பாராமல் வெள்ளவத்தை ஒழுங்கைகளுக்குள்ளால் நடந்து வந்து சேர்ந்த சபையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

குத்துச்சண்டையில் ஹெவிவெயிட் வீரன் நாக்அவுட் ஆவது, அதாவது அடிபட்டுத் தொடர முடியாமல் போவது, எதிராளியின் குத்துப் பலத்தாலா, அவனுடைய தற்காப்பில் இருக்கிற ஓட்டையாலா என்பது தலைப்பு. ஓட்டையால்தான் என்று சொல்ல வந்தவன் நான். எனக்கு முன் பேசிய அண்ணா, "மலை போல ஒருவன் குத்தினால் மலையே சாயும்" என்று சொல்லிக்கொண்டே கையை ஓங்கி வீசினார். முன்வரிசையில் இருக்கிற தாத்தா டக்கென்று தலையைக் குனிந்தார். ஐயா, அந்தத் தாத்தா இன்னும் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருக்கிறார். என் பேச்சை நான் இதோடு முடித்திருக்கலாம். என்ன செய்வது, எனக்கு இன்னும் ஆறு நிமிடம் தந்திருக்கிறீர்கள்.

தொழில்முறைக் குத்துச்சண்டையில் பொதுவாக 200 இறாத்தலைத் தாண்டினால் ஹெவிவெயிட். 200 இறாத்தல் பாணை மனதுக்குள் அடுக்கிப் பாருங்கள், அதற்கு மேல்தான் இந்த ஆட்கள் தொடங்குகிறார்கள். அந்த எடையில் எவன் சரியாகக் குத்தினாலும் எவனும் விழலாம். ரிங்குக்குள் இரண்டு பேரிடமும் இருக்கிற பலத்தைத் தோல்விக்குக் காரணமாகச் சொல்வது, காலி வீதியில் பஸ் மோதினால் "பஸ் பாரமானது" என்று பொலிஸில் எழுதிக் கொடுப்பது மாதிரி. பஸ் எப்போதும் பாரம்தான் அண்ணா. பிரேக்குக்கு என்ன நடந்தது?

2024 செப்டம்பர் 21 இரவு யாருக்கும் மறந்திருக்காது. ஜனாதிபதித் தேர்தல். இரவு 10 மணிக்கு ஊரடங்கு. கொழும்பே தூங்காமல் முடிவுகளுக்காகத் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருந்தது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் என் கையில் இருந்த போனில் லண்டன் வெம்பிளி அரங்கம். சுமார் 96,000 பேர் முன்னால் அந்தனி ஜோஷுவாவும் டேனியல் டுபுவாவும். ஜோஷுவா முதல் சுற்றிலேயே ஒரு வலது கைக் குத்தில் விழுந்து எழும்பினார். பிறகும் விழுந்தார், எழும்பினார். ஐந்தாம் சுற்றில் கதை மாறியது. ஜோஷுவாவின் வலது கை ஒன்று நன்றாகப் பட்டு டுபுவா ஆடிப்போனார். இதோ முடிந்தது என்று நான் சத்தம் போட, ஏதோ மாவட்ட முடிவு வந்துவிட்டது என்று அப்பா எழும்பி வந்தார். ஜோஷுவா முடித்துவிடலாம் என்று உள்ளே பாய்ந்து ஒரு வலது அப்பர்கட் எடுத்தார். அப்பர்கட் என்றால் கையைக் கீழே இறக்கித்தான் மேலே எடுக்க வேண்டும். அந்த இறக்கத்தில் முகம் திறந்து கிடந்தது. டுபுவாவின் குறுகிய வலது கை உள்ளே போனது. அவ்வளவுதான்.

நடுவர் ஐயா, நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். பெரிய வீரனின் ஓட்டை அவன் ஒதுங்கி நிற்கும்போது அகலமாகத் திறப்பதில்லை. அவன் அடிக்கப் போகும்போது, அதுவும் வெல்லப்போகிறோம் என்று நினைக்கும்போதுதான் திறக்கிறது.

நான் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் குத்துச்சண்டை பழகினவன். பள்ளிக்கூடங்களுக்கிடையிலான ஸ்டப்ஸ் கேடயம் வரைக்கும் போகவில்லை. என்னைவிட என் மூக்குத்தான் அதிகம் பழகியது. எங்கள் பயிற்சியாளர் ஒரு சிங்கள மாத்தயா. "அத உடட, அத உடட" என்று தொண்டை கிழியக் கத்துவார். கை மேலே, கை மேலே. குத்தப் போகிற கையைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. குத்திவிட்டுத் திரும்பி வருகிற கையைப் பற்றித்தான் பேச்சு முழுக்க. அப்போது எனக்கு அது பெரிய சலிப்பு.

ஜோஷுவாவுக்கு இது முதல் தடவையும் அல்ல. 2019 ஜூன் 1, நியூயோர்க்கின் மேடிசன் ஸ்குவயர் கார்டன். எதிரில் அண்டி ருயிஸ், கடைசி நேரத்தில் இன்னொருவருக்குப் பதிலாகக் கூட்டிவரப்பட்ட ஆள். தொந்தியும் தொப்பையுமாக இருந்ததால் பார்த்தவர்கள் சிரித்தார்கள். மூன்றாம் சுற்றில் ஜோஷுவா அவரை வீழ்த்தினார். எழும்பினவரை முடித்துவிட ஓடிப்போய்க் கையை வீசி வீசி அடித்தார். அந்தக் கலவரத்தில் ருயிஸின் இடது ஹூக், பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து, நெற்றிப்பொட்டில் பட்டது. அந்தச் சுற்றில் இரண்டு தடவை, ஏழாம் சுற்றில் இரண்டு தடவை ஜோஷுவா தரையில் கிடந்தார். ரிங் நடுவர் போட்டியை நிறுத்திவிட்டார். அதே ஆண்டு டிசம்பரில் சவூதியில் மறுபோட்டி. ருயிஸ் முதல் போட்டியைவிட 15 இறாத்தல் கூடி வந்திருந்தார். அண்ணாவின் கணக்குப்படி இன்னும் பலமாக அல்லவா அடித்திருக்க வேண்டும்? ஜோஷுவா ஒரு தடவைகூட விழவில்லை. தூரத்தில் நின்று முன் கையால் நேராகக் குத்தும் ஜாப் போட்டார், நகர்ந்தார், 12 சுற்றும் பொறுமையாக ஆடிப் புள்ளியில் வென்றார். குத்தும் அதே ஆளுடையது, தாடையும் அதே தாடை. கதவு மட்டும் பூட்டியிருந்தது.

அண்ணா இராமபாணத்தின் பலத்தை உதாரணம் காட்டினார். கொழும்பு மேடையில் வாலி வராமல் ஒரு பட்டிமன்றம் முடியுமா? ஆனால் வாலி யார்? எதிரில் வந்து நிற்கிறவனின் பலத்தில் பாதி தன்னிடம் வந்துவிடும் என்று வரம் வாங்கினவன். பலத்தால் அவனை யாரும் தொட முடியாது. சுக்கிரீவனை அடித்து நொறுக்கி வென்றுகொண்டிருந்த நேரத்தில், பார்க்காத பக்கத்திலிருந்து வந்தது அம்பு. அண்ணா, நீங்கள் கூட்டி வந்த சாட்சி எங்கள் அணிக்காரர்.

காணாத குத்துத்தான் ஆளை வீழ்த்தும் என்று பழகினவர்கள் சொல்வது சும்மா பேச்சு அல்ல. தாடையில் பக்கவாட்டாகக் குத்து விழுந்தால் தலை சட்டென்று சுழல்கிறது. மண்டை ஓடு திரும்பிவிடுகிறது, உள்ளே மூளை ஒரு கணம் பின்தங்குகிறது. அந்த இழுபறியில் நினைவு போகிறது. குத்து வருவதைக் கண்டவன் கழுத்தை இறுக்குவான், தாடையை உள்ளே இழுப்பான், தலை அவ்வளவு சுழலாது. தன் குத்து பட்டதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு அதற்கு நேரம் இல்லை.

பழைய கதைக்கு வருவோம். 1936இல் தோல்வியே காணாத ஜோ லூயிஸை நியூயோர்க்கில் ஜெர்மனியின் மக்ஸ் ஷ்மெலிங் 12ஆம் சுற்றில் வீழ்த்தினார். ஷ்மெலிங் லூயிஸைவிடப் பலசாலியா? யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவர் செய்தது, லூயிஸின் பழைய போட்டிகளின் படச்சுருள்களைப் போட்டுப் பார்த்தது. ஜாப் போட்ட பிறகு லூயிஸின் இடது கை வந்த வழியே திரும்பாமல் கீழே தொங்கி வருவதைக் கண்டுபிடித்தார். அந்த இடைவெளிக்குள் வலது கையை விட்டார், விட்டார், விட்டுக்கொண்டே இருந்தார். 1938இல் லூயிஸ் திரும்பி வந்து அவரை 2 நிமிடம் 4 விநாடியில் முடித்தது வேறு விஷயம். அதே 1938இல் சிட்னியில் நம் பார்னி ஹென்ரிக்கஸ் குத்துச்சண்டையில் இலங்கைக்குத் தங்கம் வென்றார் என்பதையும் இடையில் சொல்லி வைக்கிறேன். தலைப்புக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் கை தட்டலாம்.

அக்கா "கண்ணாடித் தாடை" என்று ஒன்று சொன்னார். சில பேருக்குப் பிறவியிலேயே தாடை பலவீனம், அவர்கள் கையை எங்கே வைத்தாலும் விழுவார்கள் என்றார். இந்த வாதம் பலமானது, அதனால் இதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுக்கிறேன்.

இமானுவேல் ஸ்டூவர்ட் என்றொரு பயிற்சியாளர். 1994இல் லண்டனில் லெனொக்ஸ் லூயிஸுக்கு எதிராக ஒலிவர் மக்கோலைத் தயார்படுத்தினவர். இரண்டாம் சுற்றில் லூயிஸ் வலது கையை எடுக்கும்போதே மக்கோலின் வலது கை முந்திப் போய்ச் சேர்ந்தது. போட்டி முடிந்தது. லூயிஸ் என்ன செய்தார் தெரியுமா? தன்னை வீழ்த்தினவரின் பயிற்சியாளரையே தன் பக்கம் கூட்டி வந்தார். ஓட்டையைக் கண்டவன்தானே அடைக்க முடியும்? 1999இல் லூயிஸ் மறுக்க முடியாத உலக சாம்பியன். அப்புறம் 2001 ஏப்ரலில் தென்னாபிரிக்காவில் கையைத் தளரவிட்டுக் கயிற்றில் சாய்ந்த லூயிஸை ஹசிம் ரஹ்மான் ஒரே வலது கையில் வீழ்த்தினார். நவம்பரில் மறுபோட்டி, நாலாம் சுற்றில் லூயிஸ் நாக்அவுட் வெற்றி. தாடை ஏழு மாதத்தில் கண்ணாடியாகி, பிறகு இரும்பானதா அக்கா?

அதே ஸ்டூவர்ட்டிடம் 2004இல் வந்து சேர்ந்தார் விளாடிமிர் கிளிச்கோ. உங்கள் கண்ணாடித் தாடைக்கு அவரைவிட நல்ல ஆள் கிடையாது. 2003இல் கொரி சாண்டர்ஸிடம் இரண்டாம் சுற்றில் போனார். 2004இல் லேமன் புரூஸ்டரிடம் ஐந்தாம் சுற்றில் போனார். எல்லோரும் கையைக் கழுவிவிட்டார்கள். ஸ்டூவர்ட் தாடையை மாற்றவில்லை, மாற்றவும் முடியாது. நீளமான இடது கையால் எதிராளியைத் தள்ளி வைக்கவும், தப்பிக் கிட்ட வந்தால் கட்டிப் பிடிக்கவும் பழக்கினார். பார்க்கிறவனுக்குக் கொட்டாவி வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்த தோல்வி 2015 நவம்பரில், டைசன் ஃபியூரியிடம், அதுவும் புள்ளியில். கண்ணாடியை வைத்துக்கொண்டு 11 ஆண்டு!

முகமது அலி கையைத் தொங்கப்போட்டே ஆடினார், அவர் விழவில்லையே என்று யாரோ பின்னாலிருந்து கேட்கிறீர்கள். விழுந்தார். 1971இல் ஜோ ஃப்ரேசியரோடு 15ஆம் சுற்றில், அப்பர்கட்டுக்கு வலது கையை இறக்கின கணத்தில் இடது ஹூக் வந்தது. அலி அப்பர்கட் போடும்போது அந்தப் பக்கம் திறக்கும் என்று ஃப்ரேசியரின் மூலையில் நிற்கும் பயிற்சியாளர்கள் முன்பே கணித்து வைத்திருந்தார்கள். அலி உடனே எழும்பினார் என்பது அவருடைய தாடைக்குப் பெருமை, அதை நான் மறுக்கவில்லை. விழ வைத்தது எது என்பதுதான் இன்றைய தலைப்பு.

டியோன்டே வைல்டரைச் சொல்லாமல் விட்டால் அண்ணா வருத்தப்படுவார். 2020க்கு முன் 42 வெற்றியில் 41 நாக்அவுட், பலத்துக்கு அவரைவிட ஆள் ஏது? பின்னால் நகர்ந்துகொண்டு ஆடத் தெரியாது என்ற குறையை அந்த வலது கை ஐந்தாறு வருடம் மூடி வைத்தது. 2020இல் ஃபியூரி முன்னேறி வந்து தள்ளிக்கொண்டே போனார். ஏழாம் சுற்றில் வைல்டரின் மூலையிலிருந்தே, போதும் நிறுத்துங்கள் என்று துவாய் வந்து விழுந்தது. ரிங்குக்கு வரும்போது போட்டிருந்த 40 இறாத்தலுக்கு மேற்பட்ட அலங்கார உடைதான் காலைக் களைக்க வைத்தது என்றார் வைல்டர். அண்ணா, நீங்கள் குத்தின் பலம் என்கிறீர்கள், அடி வாங்கினவரே உடுப்பின் பலம் என்கிறார். முதலில் உங்கள் அணிக்குள் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள்.

எனக்குப் பிறகு அக்கா மறுபடி எழும்பி வருவார். 1990 டோக்கியோ, மைக் டைசன், பஸ்டர் டக்ளஸ் என்று தொடங்குவார், எனக்குத் தெரியும். வரட்டும். கன்னத்தோடு இரண்டு கையையும் ஒட்டி, தலையை ஒரு நொடி ஓரிடத்தில் வைக்காமல் ஆட்டிக்கொண்டே உள்ளே போகப் பழகினவர் டைசன். எட்டாம் சுற்றில் டக்ளஸை வீழ்த்தியவரும் அவரே. டைசன் விழுந்த பத்தாம் சுற்றில் டக்ளஸின் அப்பர்கட் வந்தபோது அந்தத் தலை எங்கே, எப்படி நின்றது என்பதை மட்டும் அக்கா இந்தச் சபைக்குச் சொல்லட்டும்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, கேட்டது. அக்கா முறைத்துப் பார்க்கிறார். கையைக் கீழே போடாமலே போய் உட்காருகிறேன். வணக்கம்.