வெள்ளைச் சட்டையும் கிணற்றுத் தண்ணீரும்

நேயர்களுக்கு வணக்கம். மட்டக்களப்புப் பாடசாலைகளில் பல வருடங்கள் மனைப்பொருளியல் கற்பித்தவள் நான். பெற்றோர் கூட்டம் முடிந்ததும் தாய்மார் என்னைத் தனியே அழைத்துக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "டீச்சர், தோய்க்கும்போது சட்டையில் ஒன்றுமே இருக்கவில்லை. காய்ந்த பிறகு பார்த்தால் கறை நிற்கிறது. எங்கிருந்து வருகிறது?"

என் வீட்டிலேயே அது நடந்தது. மகள் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது வாவிக்கரையோரமாக ஒரு வாடகை வீட்டுக்குக் குடிபோனோம். வளவுக் கிணற்றில் அள்ளிய தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. இரண்டு மாதம் போவதற்குள் அவளுடைய வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பட்டியிலும் மடிப்புத் தையலிலும் தேயிலைச் சாயம் போல ஒரு நிறம் ஏறிவிட்டது. அழுக்கு என்று நினைத்து, குளோரின் கலந்த வெளுப்புத் திரவத்தை வாளியில் விட்டுச் சட்டையை ஊறப்போட்டேன். கால் மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் வாளித் தண்ணீர் செம்மஞ்சளாகக் கலங்கி நின்றது. கழுத்தில் மட்டும் இருந்த கறை சட்டை முழுவதும் பரவியிருந்தது. மறுநாள் காலை அவள் அதைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போகமாட்டேன் என்று படலையடியில் நின்று அழுதது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அந்தத் தண்ணீரில் இருந்தது இரும்பு. நிலத்துக்கடியில் காற்றுப் படாத இடத்தில் இரும்பு கரைந்தே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மேலே வந்து ஒட்சிசன் பட்டதும் கரையாத துருவாக மாறி நூலிழைகளில் படிந்துவிடும். காற்று மெல்ல மெல்லச் செய்கிற வேலையைக் குளோரின் உடனே செய்துவிடுகிறது. லீற்றருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தாலே துணியில் கறை ஏறும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த அளவை நாக்கால் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் வெள்ளைத் துணி காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தக் கறைக்குத் தேசிக்காய் போதும். கறையை நனைத்து, தேசிக்காய்ப் புளியைப் பிழிந்து, மேலே உப்புத் தூவி, வெயிலில் ஒரு மணி நேரம் விரித்து வையுங்கள். புளி துருவைக் கரைத்து எடுக்கும். பிறகு நன்றாக அலசிவிட்டுத் தோயுங்கள். பழைய கறை ஒரே தடவையில் போகாது; இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். நிறத்துணி என்றால் முதலில் உட்புறத் தையலில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். ஒன்றை மட்டும் மன்றாட்டமாகக் கேட்கிறேன்: வெளுப்புத் திரவம் பட்ட துணியில் தேசிக்காயோ வினாகிரியோ விடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். கதவு சாத்திய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

கறை ஏறாமல் தடுக்க, முதல் நாள் மாலையே தண்ணீரை அள்ளி, ஒரு வாளியிலிருந்து இன்னொரு வாளிக்கு உயரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு தடவை ஊற்றி ஆற்றி வையுங்கள். காற்றுப் பட்டு இரும்பின் ஒரு பகுதி இரவோடிரவாக அடியில் படியும். காலையில் மேல் தண்ணீரை மட்டும் துணியில் வடித்து எடுக்கலாம். உன்னிச்சைக் குளத்துக் குழாய்நீர் கிடைக்கிற வீடுகளில் வெள்ளை உடுப்பின் கடைசி அலசலுக்காவது அதை ஒதுக்குங்கள். கொடிக்கம்பியையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். கோடுகோடாக விழும் கறை பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. கம்பியை எடுத்துவிட்டு நைலோன் கயிறு கட்டுங்கள்.

கார்த்திகை, மார்கழி மழையில் வருகிற கரும்புள்ளி வேறு சங்கதி. அது பூஞ்சணம். ஈர உடுப்பைக் கூடையில் குவித்து வைப்பதால் வருகிறது. வெயில் இல்லாத நாளில் குறைவாகத் தோய்த்து, வீட்டுக்குள்ளே இடைவெளி விட்டு விரியுங்கள். வெள்ளைப் பருத்தியில் விழுந்த பூஞ்சணத்துக்கு அதே வெளுப்புத் திரவம் நல்ல மருந்து. துருவைப் பெருக்குவதும் பூஞ்சணத்தைப் போக்குவதும் ஒரே போத்தல்தான். அதனால்தான் கறை எதுவென்று தெரியாமல் போத்தலைத் திறக்க வேண்டாம் என்கிறேன்.

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்குப் போய்வந்த வேட்டியில் மஞ்சள் இருக்கும். சவர்க்காரம் பட்டதும் அது சிவக்கும். பயப்படாதீர்கள், காரத்தில் மஞ்சள் சிவப்பது அதன் இயல்பு. அலசி வெயிலில் போட்டால் வெளிறிவிடும். வாழைக்கயர், கஜுப் பழச்சாறு, இளநீர் மூன்றும் படும்போது ஒன்றும் தெரியாது. காய்ந்த பிறகே மண்ணிறமாகும். பட்ட உடனே வெறும் தண்ணீரில் அலசுங்கள். கறை போகும்வரை ஸ்திரிக்கைப் பெட்டியைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். சூடு அதை இறுக்கிவிடும்.

உங்கள் வீட்டில் வெள்ளைத் துணி மஞ்சளாகிக்கொண்டிருந்தால், பிள்ளையை ஏசுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். இன்றிரவு கிணற்றிலிருந்து புதிதாக அள்ளிய தண்ணீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் முக்கால்வாசி ஊற்றி, நன்றாகக் குலுக்கி, மூடாமல் அடுப்படி யன்னலில் வையுங்கள். காலையில் வெள்ளைக் கடதாசியைப் பின்னால் பிடித்து, போத்தலின் அடியைப் பாருங்கள். செம்மண் நிறத்தில் படிந்திருந்தால் நாளைக்குச் சந்தையில் நான்கு தேசிக்காய் கூடுதலாக வாங்குங்கள். வணக்கம்.